கட்டம் கட்டமாக வந்த தமிழ்: செல்பேசிச் செய்தியும் இணக்கத்தின் அரசியலும்

2011இல் தமிழ் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது கே.கே. நகரில் ஒரு வாடகை அறையில் மூன்று பேர் இருந்தோம். அறை நண்பன் ஒருவனின் செல்லில் தமிழ் அடிக்க முடிந்தது. அந்த உற்சாகத்தில் ஊரிலிருந்த அம்மாவுக்கு, சனிக்கிழமை வருவதாகவும் பாட்டிக்கு மருந்து வாங்கி வருவதாகவும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவள், தமிழை எழுத்துக்கூட்டி வாசித்துவிடுவாள். மறுநாள் கூப்பிட்டாள்: "என்னப்பா, பொட்டி பொட்டியா அனுப்பி வச்சிருக்க? எனக்கு ஒண்ணும் வெளங்கல." அவளிடமிருந்தது சாதாரண பட்டன் செல். அதற்குத் தமிழ் தெரியாது. அடுத்த முறை தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பினேன். செல்லுக்கு அது புரிந்தது, அம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்து வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை வாசித்துச் சொன்னது. அம்மாவுக்கு நான் எதை எழுதினாலும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரியும் என்று ஆனது.

நமக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த அனுபவம் தந்தி வழியாக நேர்ந்திருக்கிறது. சாவுச் செய்தி ஆங்கிலத்தில் வரும். தபால்காரரோ வாத்தியாரோ படித்துச் சொல்லும்வரை வீட்டில் அழக்கூட முடியாது. 2013 ஜூலையில் தந்திச் சேவையை மூடியபோது பத்திரிகைகள் எழுதிய இரங்கல் கட்டுரைகளில் இந்தக் காத்திருப்பை நான் காணவில்லை.

இப்போது 'இணக்கம்' பற்றிப் பேசுகிறார்கள். ஐபோனிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் போகும் செய்தி பச்சைக் குமிழாகிறது, படம் மங்கிப்போகிறது, இது அநியாயம் என்று அமெரிக்காவில் வழக்கு, ஐரோப்பாவில் சட்டம். இந்தச் சொல்லாடலில் சிக்கல் 2011இல், ஆப்பிள் தன் ஐமெசேஜைக் கொண்டுவந்த அக்டோபரில் தொடங்குகிறது. இரு பெருநிறுவனங்களின் பங்காளிச் சண்டை என்பதாக அது சுருக்கப்படுகிறது. தமிழில் செய்தி அனுப்ப முயன்றவர்களின் வரலாற்றிலிருந்து பார்த்தால் கதை வேறு. ஒரு கருவியில் எழுதியது இன்னொரு கருவியில் திறக்காமல் போவதை நாம் ஏறத்தாழ இருபது வருடம் அனுபவித்திருக்கிறோம். நம்மிடம் கதவு அடைக்கப்பட்டது குமிழின் நிறத்தில் அல்ல, எழுத்திலேயே. அந்தக் கதவு எப்படித் திறந்தது, யார் திறந்தார்கள், திறந்த இடத்தில் யார் புதிதாகச் சுவர் எழுப்பினார்கள் என்பதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

குறுஞ்செய்திக்கு 160 எழுத்து என்ற வரம்பு எங்கிருந்து வந்தது? 1985இல் ஜெர்மனியின் பான் நகரில் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் என்ற பொறியாளர் தட்டச்சுப் பொறி முன் உட்கார்ந்து தோன்றிய வாக்கியங்களை அடித்துப் பார்த்திருக்கிறார். பெரும்பாலானவை 160க்குள் முடிந்தன. அஞ்சலட்டைகளும் டெலக்ஸ் செய்திகளும் அந்த அளவுக்குள்ளேயே இருந்தன. போதும் என்று தீர்மானித்தார். ஒரு செய்திக்கு 140 பைட். ஓர் எழுத்துக்கு ஏழு பிட் வீதம் பிரித்தால் 160 வரும். அந்த ஏழு பிட்டில் ரோம எழுத்துகளும் ஐரோப்பிய மொழிகளின் சில எழுத்துகளும் கிரேக்கத்தின் பெரிய எழுத்துகள் சிலவும் இடம்பெற்றன. மற்ற மொழிக்காரர்களுக்கு ஓர் எழுத்துக்குப் பதினாறு பிட், ஆக ஒரு செய்திக்கு 70. முழு ஆங்கிலச் செய்தியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தை நுழைத்தாலும் மொத்தச் செய்தியும் எழுபதுக்கு இறங்கிவிடும்.

அந்த எழுபதும் தமிழுக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. 'போராட்டம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது ஐந்தெழுத்து. யூனிகோடில் ஒன்பது: ப, ஓகாரக் குறி, ர, கால், ட, புள்ளி, ட, ம, புள்ளி. ஆங்கிலக்காரன் அதே சொல்லை 160இல் ஏழெழுத்தில் முடித்துக்கொள்வான், நாம் 70இல் ஒன்பதைச் செலவழிக்க வேண்டும். இரண்டு வரி தமிழில் எழுதினால் இரண்டு செய்திக்கான காசு. 2011 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் ஒரு நாளைக்கு 100 செய்திக்கு மேல் கூடாது என்று கட்டுப்பாடு விதித்து, நவம்பரில் அதை 200 ஆக்கியது. விளம்பரத் தொல்லையைத் தடுப்பதற்கு என்றார்கள். ஒரு செய்தி இரண்டாக உடையும் மொழியில் எழுதுகிறவனுக்கு அந்த நூறு எத்தனை என்று யாரும் கேட்கவில்லை.

ஆகவே ரோம எழுத்துக்குப் போனோம். 'தமிழ்ப் பற்றில்லாத தலைமுறை' என்று மேடையில் எங்களைத் திட்டினார்கள். பற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கணக்குதான். ஆனால் ரோம எழுத்தில் ல, ள, ழ எல்லாம் ஒன்றாகிவிடும். குறில் நெடில் எழுதுகிறவன் இஷ்டம். 'கே யூ எல் ஐ' என்று நான்கு எழுத்து வந்தால் அது கூலியா, குழியா, குளியா என்பதை வாசிப்பவன் ஊகிக்க வேண்டும். கல்லூரிப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு. தமிழ் வழியில் ஐந்தாவதோ எட்டாவதோ படித்துவிட்டுச் சித்தாள் வேலைக்கும் மில்லுக்கும் போனவர்களுக்குச் செய்தியே இல்லை. அவர்களுக்குச் செல் என்பது பேசவும் மிஸ்டு கால் கொடுக்கவும் மட்டுமேயான பொருளாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2009 வாக்கில் குறுஞ்செய்தித் தரத்திலேயே தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கு ஏழு பிட் அட்டவணைகள் சேர்க்கப்பட்டன. தாளில் தீர்வு வந்துவிட்டது. அனுப்பும் செல், வாங்கும் செல் இரண்டிலும் அந்த அட்டவணை இருந்தால்தான் பயன். பத்து மொழிகளுக்காக அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்கள் ஆர்வம் காட்டவில்லை.

கருவிகளுக்குள் பகை என்பதும் புதிதல்ல. குறுஞ்செய்தியில் சின்னச் சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள் அனுப்பிய காலம் ஒன்று உண்டு. நோக்கியாவுக்குத் தனி முறை. எரிக்சன், சீமென்ஸ், அல்காடெல் சேர்ந்து வகுத்தது வேறொரு முறை. ஒரு முறையில் அனுப்பிய ரோஜாப்பூ மற்றதில் பூவாக மலராது.

தமிழின் சிக்கல் இவற்றுக்கெல்லாம் முந்தையது, அதற்குத் தொண்ணூறுகளுக்குப் போக வேண்டும். சிற்றிதழ்கள் அச்சுக்கோப்பிலிருந்து கணினித் தட்டச்சுக்கு மாறிய காலம் அது. எழுத்துரு செய்த ஒவ்வொருவரும் தனக்கென ஒரு குறியேற்றத்தை வைத்துக்கொண்டார்கள். ரோம எழுத்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் தமிழின் துண்டுகளை ஒட்டிவைப்பது முறை. ஒருவர் 'அ'வை வைத்த இடத்தில் இன்னொருவர் 'ழ'வை வைத்திருப்பார். ஈழத்தவர் கையில் பாமினி, தமிழக அரசு அலுவலகங்களில் வானவில், பதிப்பகங்களில் வேறு வேறு. நாளிதழ்களும் வார இதழ்களும் இணையத்துக்கு வந்தபோது ஒவ்வொன்றும் தன் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொன்னது. ஒரு பத்திரிகையின் வாசகன் இன்னொன்றின் பக்கத்தைத் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். இதை நான் எழுத்துருச் சிற்றரசுகள் என்பேன். குறியேற்றம் இங்கே ஒரு சுங்கச்சாவடி. எழுத்தை உண்டாக்கியது ஒரு சமூகம், அதன் எண்ணை வைத்திருந்தவன் ஒரு வியாபாரி.

இந்தச் சாவடிகளை உடைத்ததில் பெரும்பங்கு ஊதியமில்லாமல் உழைத்தவர்களுடையது. அதிலும் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முன்னின்று 1997இல் தமிழ்நெட் மாநாட்டை நடத்தினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் எண்பதுகளின் நடுவிலிருந்தே முரசு அஞ்சலை வளர்த்துவந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து பாலா பிள்ளை நடத்திய மடற்குழுவில் பல நாட்டுத் தமிழர்கள் சண்டை போட்டுச் சண்டை போட்டு 'டிஸ்கி' என்ற பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதில் முக்கியமானவர். 1998 பொங்கலில் அவர் தொடங்கிய மின்னூல் திட்டத்துக்கு 'மதுரைத் திட்டம்' என்று பெயர். சங்கம் வைத்த ஊர் என்று நாம் இங்கே தோரணம் கட்டிக்கொண்டிருந்தபோது சங்க நூல்களை லோசானிலிருந்து ஒருவர் ஒருங்கிணைக்க, ஊர் ஊராய் இருந்தவர்கள் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். மதுரைக்காரனாகிய எனக்கு இதில் பெருமையும் வெட்கமும் சேர்ந்தே வருகின்றன.

அரசு 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு கூட்டியது. அங்கிருந்து வந்தவை தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களும். விசைப்பலகை நின்றது. குறியேற்றமோ, ஏற்கெனவே பரவிக்கொண்டிருந்த டிஸ்கியோடு இன்னும் இரண்டாகச் சேர்ந்தது. ஒன்றாக்கக் கூடிய கூட்டம் எண்ணிக்கையைக் கூட்டிவிட்டுக் கலைந்தது.

இதற்கிடையே மேலே வேறொரு தீர்மானம் முடிந்திருந்தது. 1991இல் வெளிவந்த யூனிகோட், தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியது. அந்த ஒதுக்கீடு இந்திய அரசின் இஸ்கி தரத்தை 1988 வடிவில் அப்படியே பின்பற்றியது. இஸ்கியின் கற்பனையில் இந்திய எழுத்துகள் எல்லாம் ஒரே அச்சின் வார்ப்புகள். தேவநாகரியில் எந்த எழுத்து எந்த இடத்திலோ, தமிழிலும் அதற்கு நேரான எழுத்து அதே இடத்தில். விளைவு: 'க'வுக்கும் 'ங'வுக்கும் நடுவே மூன்று காலியிடங்கள். வல்லினத்தின் மற்ற ஒலிப்புகளுக்கு வடமொழி மரபில் எழுத்துண்டு, தமிழில் இல்லை. இல்லாததற்கும் ஒரு நாற்காலி போட்டுக் காலியாக வைத்திருக்கிறார்கள். 'ன' 'ந'வுக்குப் பின்னாலும், 'ற' 'ர'வுக்குப் பின்னாலும் போய்விட்டன. நம் இலக்கண மரபில் மெய் முதலில், அதன்மேல் உயிர் ஏறி உயிர்மெய் ஆகும். யூனிகோடில் 'க'தான் முதல். அதன் தலையில் புள்ளி வைத்தால் 'க்'. தொல்காப்பியம் படித்த மாணவனுக்கு இது தலைகீழ். ஆனாலும் வாக்குரிமையுள்ள உறுப்பினர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் கணினி நிறுவனங்களாக இருக்கிற ஒரு கூட்டமைப்பில் தொல்காப்பியம் எடுபடுமா?

இந்தக் கோபத்திலிருந்து பிறந்தது டேஸ்-16. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண். 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரங்களாக அறிவித்தது. இங்கே நான் பல தோழர்களிடமிருந்து மாறுபடுகிறேன். டேஸ்-16இன் இலக்கணம் சரி. 'போராட்டம்' அதில் ஐந்தாகவே இருக்கும். ஆனால் அது தனியார் பயன்பாட்டுக்கென விடப்பட்ட பகுதியில் குடியேறிய குறியேற்றம். செல்பேசித் தயாரிப்பாளர் எவரும் அதை எழுத்தாக அறியவில்லை. அதில் எழுதி அனுப்பினால் அம்மாவுக்கு மறுபடியும் பெட்டிதான் போகும். அடுத்த வீட்டு அளவுக்குச் செய்த வாசக்காலில் குனிந்து நுழைவது அவமானம்தான். அதற்காகத் தெருவுக்கே திறக்காத வாசலைக் கட்டிக்கொள்ள முடியாது. எழுத்தைப் பொறிக்கேற்பத் திருத்துவதில் நமக்கு மரபு இல்லாமலும் இல்லை. பெரியார் 1935இல் முன்வைத்த சீர்திருத்தத்தின் ஒரு பகுதியை அரசு 1978இல் ஏற்றது. அச்சுக்கோப்பவனின் கஷ்டத்தையும் குழந்தையின் கஷ்டத்தையும் வைத்து வாதாடியவர் அவர். வேறுபாடு என்னவெனில், அந்த மாற்றத்தை நாம் நமக்குள் பேசி எடுத்தோம்.

யூனிகோடும் எழுத்துக்கு எண் கொடுத்ததோடு சரி. அதைத் திரையில் கோத்துக் காட்ட ஒவ்வொரு கருவியும் தனியே கற்க வேண்டும். கணினியில் விண்டோஸ் 2000 கற்றுக்கொண்டது. திறன்பேசிகள் தாமதித்தன. 2011-12இல் வந்த ஆண்ட்ராய்டு 4 வரிசைக்கு முன் பெரும்பாலான கருவிகளில் தமிழ், கட்டங்களாகத் தெரியும். இல்லையெனில் உடைந்து தெரியும். கொம்பு எழுத்துக்குப் பின்னால் தொங்கும், புள்ளி ஒரு வெற்று வட்டத்தின்மேல் தனியே உட்கார்ந்திருக்கும். அப்போது எங்களைக் காப்பாற்றியது ஓபரா மினி என்ற உலாவி. அதன் அமைப்பில் ஒரு மறைவான பக்கத்துக்குப் போய் ஒரு வரியை மாற்றினால், எழுத்தைப் படமாக்கி அனுப்பும். அந்த வித்தையை ஒருவருக்கொருவர் ரகசியம்போலச் சொல்லிக்கொடுத்தோம். முத்து நெடுமாறனின் செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளிவந்திருந்தது. ஐபோன் தன் உள்ளேயே தமிழ் விசைப்பலகையைச் சேர்த்தது 2013இல்.

2016இல் மத்திய அரசு தலையிட்டது. இந்தியாவில் விற்கும் செல்கள் எல்லாவற்றிலும் 22 மொழிகளிலும் வரும் செய்தியை வாசிக்க முடிய வேண்டும் என்று உத்தரவு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் எழுதுவதற்கு? ஆங்கிலம் கட்டாயம், இந்தி கட்டாயம், கூடவே தயாரிப்பாளர் விரும்பும் ஏதேனும் ஒரு மொழி. மற்ற மொழிக்காரர்கள் வாசிக்கலாம், எழுதுவது வியாபாரியின் விருப்பம். 1965ஐக் கண்ட மாநிலத்தில் இந்த ஒரு வரி பெரிய விவாதமாகாமல் போனது எனக்கு ஆச்சரியம். தொழில்நுட்பம் நடுநிலையானது என்கிற கதையாடல் நம் கண்ணையும் கட்டிவிட்டது போலும்.

அதற்குள் எல்லோரும் வாட்ஸப்புக்குக் குடிபோயிருந்தார்கள். 2009இல் தொடங்கப்பட்ட அது இங்கே வென்றதற்குக் காரணம் எளியது. ஐபோன், ஆண்ட்ராய்டு மட்டுமல்லாமல் நோக்கியாவின் மலிவுக் கருவிகளிலும் அது ஓடியது; 2018இல் ஜியோஃபோனிலும் நுழைந்தது. 70 என்ற வரம்பு இல்லை, செய்திக்குத் தனிக் காசில்லை. எதிரெதிர்க் கருவிகளுக்கிடையே செய்தி போகும் என்ற கனவை நம் மக்களுக்கு நிறைவேற்றியது ஒரு தரம் அல்ல, ஒரு நிறுவனம். 2014இல் ஃபேஸ்புக் அதை 1900 கோடி டாலருக்கு வாங்கியபோது வாங்கப்பட்டது நிரல் மட்டுமல்ல, இந்தக் குடியேற்றமும்தான். வாட்ஸப் அடித்தளமாகக் கொண்டது எக்ஸ்எம்பிபி என்ற திறந்த நெறிமுறையை. மின்னஞ்சல்போல எவரும் எவரோடும் பேசுவதற்கென்று செய்யப்பட்ட ஒன்று, மாற்றியமைக்கப்பட்டு மதிலுக்குள் போனது. கூகுளும் தன் பேச்சுச் சேவையை 2005இல் அந்த நெறிமுறையில் திறந்துவைத்துவிட்டு, 2013இல் ஹேங்அவுட்ஸுக்கு மாறியபோது கைவிட்டது.

கதவை மூடுவது லாபம் என்பதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். எபிக் நிறுவனம் தொடுத்த வழக்கில் 2021இல் வெளியான ஆப்பிளின் உள் மின்னஞ்சல்களில், ஐமெசேஜை ஆண்ட்ராய்டுக்குக் கொடுத்தால் ஐபோன் குடும்பங்கள் பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டு வாங்கிக் கொடுக்கத் தடையில்லாமல் போகும் என்று ஓர் உயர் அதிகாரி கவலைப்படுகிறார். 2022இல் ஒருவர், என் அம்மாவுக்கு நான் அனுப்பும் காணொளி சரியாகப் போவதில்லையே என்று டிம் குக்கிடம் கேட்டதற்கு, அம்மாவுக்கு ஒரு ஐபோன் வாங்கிக் கொடுங்கள் என்றார் அவர். அதைப் படித்தபோது எனக்கு என் அம்மாவின் பட்டன் செல் ஞாபகம் வந்தது. 2024 செப்டம்பரில் ஆப்பிள் ஆர்சிஎஸ் என்ற பொதுத் தரத்தை ஏற்றது. குமிழ் பச்சையாகவே இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 டிஜிட்டல் சந்தைச் சட்டமோ வாட்ஸப் பிற செயலிகளுக்கும் கதவைத் திறக்க வேண்டும் என்கிறது.

நம்மூரில் 2025 செப்டம்பர், அக்டோபரில் சோஹோவின் 'அரட்டை' திடீரென்று பேசுபொருளானது. 2021இலேயே வந்த செயலி. அமைச்சர்கள் சுதேசி என்று பரிந்துரைத்தார்கள். தென்காசியிலிருந்து இயங்கும் ஸ்ரீதர் வேம்பு, செய்திச் செயலிகள் யுபிஐ போலவும் மின்னஞ்சல் போலவும் ஒன்றோடொன்று இணங்க வேண்டும் என்று அப்போது சொன்னார். அவருடைய பிற கருத்துகளில் எனக்கு ஒப்புதல் இல்லை, இதில் மறுக்க ஒன்றுமில்லை. எந்த வங்கிச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் பத்து ரூபாய் போகிறது, பத்து வார்த்தை போகவில்லை. ஆனால் செயலியை முதலில் பரப்புவது, இணக்கத்தைப் பிறகு பார்ப்பது என்ற வரிசையை நாம் வாட்ஸப்பில் பார்த்துவிட்டோம். பெரிதான பிறகு எவரும் கதவைத் தானாகத் திறந்ததில்லை.

இயக்கத்தார் இதை ஏன் தம் பிரச்சினையாக எடுக்க வேண்டும்? 2017 ஜனவரியில் தமுக்கத்தில் கூடிய கூட்டமும் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்த கூட்டமும் திரண்டதில் வாட்ஸப் குழுக்களுக்குப் பங்குண்டு. அப்போது ஒரு குழுவில் 256 பேர்தான். அந்த எண்ணை வகுத்தது கலிஃபோர்னியா. 2018 ஜூலையில், வதந்திக் கொலைகளுக்குப் பிறகு, இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து இடத்துக்கு மேல் பகிர முடியாதென்று ஆக்கியதும் அதே இடம். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 22, 23 தேதிகளில் தூத்துக்குடியில் 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 23ஆம் தேதி தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. ஒரே செயலிக்குள் குடியிருந்த குழுக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊமையாயின. மிஞ்சியது பழைய குறுஞ்செய்தி. எழுபது எழுத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போன வருடம் ஒரு மூத்த தோழர், தாம் தொண்ணூறுகளின் இறுதியில் நடத்திய சிற்றிதழின் கோப்புகள் அடங்கிய குறுந்தகட்டைக் கொடுத்தார். தாள் பிரதிகளை மழையும் கரையானும் கொண்டுபோய்விட்டன. தலித் அரசியல் குறித்து அன்று நடந்த விவாதங்களில் சில அதில் மட்டும்தான் இருக்கின்றன. கே.கே. நகரில், நீதிமன்றத்துக்கு மனு அடித்துக்கொடுத்தே இருபத்தைந்து வருடம் கழித்த ஒரு டிடிபி அக்காவிடம் கொண்டுபோனேன். திரை முழுக்க ஆங்கிலக் குப்பை. உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எழுத்தெல்லாம் உள்ளதான் இருக்கு தம்பி. சாவிதான் இல்ல. இந்த ஃபான்ட் வித்தவரு கடைய மூடிட்டாரு."

மாற்றிகள் எதுவும் அதற்குப் பொருந்தவில்லை. அக்கா ஒரு பக்கத்தை அச்செடுத்து, எந்தக் குறி எந்த எழுத்தாக இருக்கும் என்று பென்சிலால் எழுதிக்கொண்டே வந்தார். ஒரு மாலையில் பதினெட்டு எழுத்து கண்டுபிடித்தோம். 'ழ'வுக்கும் 'ள'வுக்கும் இன்னும் தகராறு. அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறார்.